நாய்ப் படம் ஒன்றும் செய்யாது, ஏரிப் படம்தான் ஃபோனை முடக்கியது

கேட்டவர் சிங்கப்பூரில் உட்லண்ட்ஸில் இருக்கும் ஓர் அம்மா. தொடக்கநிலை ஆறில் படிக்கும் அவருடைய மகனுக்கு வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருக்கிறது. இருட்டில் ஒரு நாய், மனிதப் பற்களைக் காட்டிச் சிரிக்கிறது. பார்த்தவன் இன்னொருவருக்கு அனுப்பாவிட்டால் தூக்கத்தில் அது வரும் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பையன் இப்போது இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அதே வீட்டில் மாமியார், 'காலை வணக்கம்' படங்களுக்குள் திருட்டு நிரல் ஒளிந்திருக்கிறது என்று வந்த ஒரு செய்தியை நம்பி எல்லோரையும் படங்களை அழிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு கோப்பைத் திறந்தாலே கெடுதல் வருமா, ஃபோனை மொத்தமாக ரீசெட் செய்துவிடலாமா என்பது கேள்வி.

முதலில் பதில். அந்த நாய்ப் படம் உங்கள் பையனையும் ஒன்றும் செய்யாது, ஃபோனையும் ஒன்றும் செய்யாது. ரீசெட் வேண்டாம்.

ஆனால் பையனிடம் "எல்லாம் பொய், போய்த் தூங்கு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், திறந்தவுடன் கெடுதல் செய்த கோப்புகள் உண்மையிலேயே இருந்திருக்கின்றன. நாளைக்கு அவனே அதை எங்காவது படித்துவிட்டு வந்தால் உங்கள் பேச்சின் மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். அதனால் எது கதை, எது நடந்தது, நடந்தது எப்படி நடந்தது என்று பிரித்துச் சொல்கிறேன். அவனுக்குப் புரிகிற வயதுதான்.

அந்த நாய்க்கு இணையத்தில் 'ஸ்மைல் டாக்' என்று பேர், கோப்பின் பேர் ஸ்மைல் டாட் ஜேபிஜி. 2000களின் பிற்பகுதியில் ஆங்கிலப் படப் பலகைகளில், அதாவது பலரும் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் இணையத்தளங்களில், சுற்ற ஆரம்பித்த கதை. ஒரு எழுத்தாளன் சிகாகோவில் ஒரு பெண்ணைப் பேட்டி எடுக்கப் போகிறான், அவள் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுகிறாள், பேச மறுக்கிறாள். பிறகு அவளிடமிருந்து வரும் மின்னஞ்சலில்தான் விஷயம் தெரிகிறது. பல வருஷத்துக்கு முன்னால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து கனவில் அந்த நாய் வந்து "பரப்பு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது, யாருக்காவது அனுப்பினால் அது விட்டுவிடும், அவளுக்கோ அனுப்ப மனசு வரவில்லை. இது ஒரு எழுத்தாளர் கற்பனையாக எழுதிய கதைதான். நன்றாகவே எழுதப்பட்ட கதை, அதுதான் இவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது. அதோடு சுற்றும் படம் நாயின் முகத்தில் மனிதப் பல்வரிசையை ஒட்டிச் செய்தது.

இதில் பயமுறுத்துவது நாய் பாதி, "அனுப்பு" என்கிற கட்டளை பாதி. அந்தக் கட்டளை நமக்குப் புதிதே இல்லை. உங்கள் மாமியாரிடமே கேட்டுப் பாருங்கள். கோயிலில் ஒரு நாகம் வந்து அர்ச்சகரிடம் பேசியது, கலியுகத்தில் அவதரிக்கப் போகிறேன் என்று சொல்லி மறைந்தது, இதை நோட்டீஸ் அடித்து விநியோகித்த ஒருவருக்கு லாட்டரியில் பணம் விழுந்தது, கிழித்துப் போட்டவருக்குக் குடும்பத்தில் சாவு விழுந்தது என்று மஞ்சள் தாளில் வரும் பிட் நோட்டீஸ் அவர் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றியது. அதற்கும் முன்னால் போஸ்ட் கார்டில் எழுதி இத்தனை பேருக்கு அனுப்பு என்று வந்தது. ஜப்பானில் 1991இல் நாவலாகவும் 1998இல் படமாகவும் வந்த 'ரிங்' கதையில் அதே கட்டளை வீடியோ கேசட்டுக்குள் போனது. பார்த்தவன் ஏழு நாளில் செத்துப்போவான், பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பிப்பான். கேசட்டிலிருந்து ஜேபிஜிக்குப் போனது அடுத்த படி. ஆளையும் சாமியையும் பேயையும் மாற்றிக்கொண்டே இருந்தாலும் கட்டளை மட்டும் மாறவே இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டளை இல்லாத கதைகள் பரவாமல் அங்கேயே நின்றுபோயின. பரவுகிறவைதான் நம் கைக்கு வந்து சேருகின்றன. இதைப் பையனிடம் அப்படியே சொல்லலாம். "உன் ஃபிரெண்டு உன்னைப் பயமுறுத்த இதை அனுப்பவில்லை, அவன் பயந்துபோய் அனுப்பினான்" என்று சொன்னால் அவனுக்கு உடனே புரியும்.

கோப்பு என்கிற பக்கத்திலிருந்தும் ஒன்று இருக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்த வாதம். வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைச் சாதாரணமாகப் படமாக அனுப்பினால், அது அப்படியே போவதில்லை. செயலி அதைப் பிரித்து, அளவைக் குறைத்து, மறுபடி புதிதாக ஒரு ஜேபிஜி கோப்பாக எழுதி அனுப்புகிறது. பையன் ஃபோனுக்கு வந்திருப்பது முதலில் யாரோ செய்த கோப்பே இல்லை, பல கை மாறி வந்த, திரும்ப எழுதப்பட்ட ஒன்று. மூலக் கோப்பின் பைட்டுகளுக்கு இடையில் எதையாவது ஒளித்து வைத்திருந்தாலும் அது முதல் கை மாறும்போதே காணாமல் போயிருக்கும். மிஞ்சியிருப்பது கண்ணுக்குத் தெரிகிற நிறப் புள்ளிகள் மட்டும்.

சரி, படம் பார்த்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? ஸ்மைல் டாக் கதையில் படத்தைப் பார்த்தவர்களுக்கு வலிப்பு வந்ததாக எழுதியிருக்கும். அந்த விவரம் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. 1997 டிசம்பர் 16ஆம் தேதி மாலை ஜப்பானியத் தொலைக்காட்சியில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது, அதில் ஒரு வெடிப்புக் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மின்னின. அன்று இரவுக்குள் ஏறக்குறைய 685 பிள்ளைகள் ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது, சிலரைத்தான் படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது. தொடரை நான்கு மாதம் நிறுத்தி வைத்தார்கள், அந்தப் பகுதியை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. காரணம் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு. அந்த வேகத்தில் மின்னும் வெளிச்சம், அதிலும் அடர்ந்த சிவப்பு, சிலருடைய மூளையில் நரம்புகளை ஒரே தாளத்தில் துடிக்க வைத்துவிடும். அதற்கான உடல்வாகு இருப்பவர்களுக்கு மட்டுமே அது நடக்கும்.

இதற்குப் பக்கத்தில் ஒரு கதையை வைத்துப் பாருங்கள். 1996இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டுகளில் லாவெண்டர் டவுன் என்று கல்லறைகள் இருக்கிற ஓர் ஊர் உண்டு, அதன் பின்னணி இசையைக் கேட்டு நிறையப் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது, உயிரை விட்டார்கள், நிறுவனம் அமுக்கிவிட்டது என்று 2010 வாக்கில் இணையத்தில் ஒரு கதை கிளம்பியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் கேட்டவர்களுக்குப் "போக்கிமானால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்" என்று எங்கேயோ அரைகுறையாக ஞாபகம் இருந்தது, அந்த ஞாபகம்தான் கதைக்குச் சாட்சி சொன்னது. இந்த வகைக் கதைகளில் நன்றாக ஓடியவை பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு நிஜ நிகழ்ச்சி, இடமும் காரணமும் மாறிப்போய், கிடக்கும்.

இதை எதற்கு விரித்துச் சொல்கிறேன் என்றால், மின்னும் படத்தை ஆயுதமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். 2008 மார்ச்சில் அமெரிக்காவில் வலிப்பு நோயாளிகளுக்கான அறக்கட்டளை நடத்திய இணையக் கலந்துரையாடல் பக்கத்தில் யாரோ புகுந்து வேகமாக மின்னும் அசைபடங்களைப் போட்டுவிட்டார்கள், பார்த்த சிலருக்கு உடம்பு பாதித்தது. உங்கள் பையனுக்கோ குடும்பத்தில் யாருக்கோ வலிப்பு வந்த வரலாறு இருந்தால், ஃபோனில் வீடியோவும் அசைபடமும் தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள், மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். ஆடாமல் நிற்கிற ஒரு நாய்ப் படத்தால் அது வராது.

மற்ற கதைகளையும் அவன் கேள்விப்பட்டிருப்பான். பழைய பொருள் விற்கும் இடத்தில் வாங்கிய விளையாட்டு கார்ட்ரிட்ஜுக்குள் செத்துப்போன பையன் இருக்கிறான் என்கிற 2010ஆம் வருஷத்துக் கதை, அடுத்த வருஷம் வந்த, சோனிக் விளையாட்டுக்குள் பேய் புகுந்த 'சோனிக் எக்ஸி' கதை, மைன்கிராஃப்டில் வெள்ளைக் கண்ணோடு தூரத்தில் நிற்கும் ஹீரோபிரைன். ஹீரோபிரைன் விஷயத்தில் விளையாட்டைச் செய்த நிறுவனமே புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாற்றங்களின் பட்டியலில் 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டது' என்று விளையாட்டாக எழுதி வந்தது, அவன் ஒருநாளும் நிரலுக்குள் இருந்ததில்லை. ஜப்பானில் 1990களின் கடைசியில் 'சிவப்பு அறை' என்று ஒன்று. திரையில் ஒரு சின்னச் சாளரம் தானாகத் திறக்கும், மூடினால் மறுபடி வரும், கடைசியில் பார்த்தவன் சாவான். அந்தக் காலத்தில் இணையம் பயன்படுத்தியவர்களுக்கு அது ஏன் பயமாக இருந்தது என்று தெரியும், விளம்பரச் சாளரங்கள் நிஜமாகவே மூட மூட வந்துகொண்டிருந்தன. கணினி நம் பேச்சைக் கேட்காத எந்த இடத்திலும் பேய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'கான்' கதை உங்களுக்கே ஞாபகம் இருக்கலாம். விண்டோஸில் 'கான்' என்று மூன்று ஆங்கில எழுத்துப் பேரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கவே முடியாது, மைக்ரோசாஃப்ட்டில் யாருக்கும் காரணம் தெரியாது, இதைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர் என்று ஒரு மின்னஞ்சல் நம் ஆட்கள் மத்தியில் பல வருஷம் சுற்றியது. முடியாது என்பது உண்மை, மர்மம் என்பது பொய். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்கிற பழைய இயங்குதளத்தில் விசைப்பலகையும் திரையும் சேர்ந்த முனையத்துக்கு அந்தப் பேரை ஒதுக்கி வைத்தார்கள், அச்சுப்பொறிக்கு வேறு பேர், வெளிக்கருவிகளைச் செருகும் துளைகளுக்கு வேறு பேர். பழைய நிரல்கள் ஓட வேண்டுமே என்று அந்த ஒதுக்கீட்டை இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறார்கள். இதில் யாரும் மின்னஞ்சலில் சொல்லாத பகுதிதான் ருசியானது. விண்டோஸ் 95, 98 கணினிகளில் அந்தப் பேரை இரண்டு தடவை அடுத்தடுத்துப் பாதையாக எழுதித் திறக்கச் சொன்னால் இயந்திரமே நீலத் திரையோடு விழுந்துவிடும். ஒரு வலைப்பக்கத்தில் படத்தின் முகவரியாக அதை எழுதி வைத்தால், பக்கத்தைப் பார்க்க வந்தவனின் கணினி விழும். 2000ஆம் வருஷம் அதற்குத் திருத்தம் வந்தது. சொன்னாலே கெடுதல் வரும் பேர் என்று ஒன்று நிஜமாகவே இருந்தது, அதை யாரும் பேய்க்கதையாக எழுதவில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன ஏரிக்கு வருகிறேன். 2020 மே மாதக் கடைசியில் ஒரு படம் ட்விட்டரில் சுற்றியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள செயின்ட் மேரி ஏரி, மாலை வெளிச்சம், மலை, மேகம். பார்க்க அவ்வளவு அழகு. அதை வால்பேப்பராக வைத்தால் ஆண்ட்ராய்டு 10 ஓடும் பல ஃபோன்கள் செத்துப்போயின. திரை எரியும், அணையும், எரியும், அணையும், எதையும் தொட முடியாது. சிலர் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்ய வேண்டியதாயிற்று. படத்தை எடுத்தவர் ஒரு சாதாரணப் புகைப்பட ஆர்வலர், அவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் செய்தது இவ்வளவுதான்: திருத்திய படத்தைச் சேமிக்கும்போது, ஃபோன்கள் வழக்கமாக எதிர்பார்ப்பதைவிட அகலமான ஒரு நிற வரையறையில் சேமித்துவிட்டார்.

ஃபோனுக்குள் என்ன நடந்தது என்பதைப் பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குக் கணக்கு வரும். வால்பேப்பர் வெளிச்சமானதா இருட்டானதா என்று பார்ப்பதற்காக ஃபோன் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிரகாச எண் போடுகிறது. எண்களை எண்ணி வைக்க 0 முதல் 255 வரை 256 கட்டங்கள் தயாராக இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலிருந்தும் ஒரு பங்கு எடுத்து, ஒவ்வொன்றையும் முழு எண்ணாக்கிக் கூட்டுகிறது. சாதாரணப் படத்தில் கூட்டுத்தொகை 255ஐத் தாண்டாது. இந்தப் படத்தின் நிறங்களை மாற்றும் வழியில் ஒரு புள்ளிக்கு முழு எண்ணாக்கியதில் கொஞ்சம் கூடிப்போய் 255ஐத் தாண்டிவிட்டது. அந்த எண்ணுக்குக் கட்டம் இல்லை. நிரல் இல்லாத கட்டத்தைத் தேடி விழுந்தது, விழுந்தது திரையை நடத்துகிற நிரல் என்பதால் ஃபோன் அதை மறுபடி எழுப்பியது, எழுந்தவுடன் அது செய்கிற முதல் வேலைகளில் ஒன்று வால்பேப்பரைப் படிப்பது. மறுபடி விழுந்தது. சபிக்கப்பட்ட ஜேபிஜி என்று வரலாற்றில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இது மாதிரி இன்னும் உண்டு. 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து, நாம் 'ஜ்ஞா' என்று எழுதுவோமே அது, ஐஃபோனில் செய்தியாக வந்தால் செயலி நின்றுபோகும், அறிவிப்பாக வந்தால் முகப்புத் திரையே விழும். எழுத்துகளை அடுக்கி வரைகிற நிரலில் பிழை, சில நாளில் ஆப்பிள் திருத்தியது. அப்புறம் மைக்ரோசாஃப்ட்டின் பொறியாளர் ரேமண்ட் சென் 2022இல் எழுதிய ஒரு பழைய சம்பவம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டைப் போட்டால் சில மடிக்கணினிகள் விழுந்தன. ஒரு கணினியில் பாட்டைப் போட்டால் பக்கத்தில் சும்மா இருந்த இன்னொரு கணினியும் விழுந்தது. பாட்டில் இருந்த ஒரு ஒலியின் அதிர்வெண், உள்ளே நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் டிஸ்க்கை நடுங்க வைத்தது. தயாரிப்பாளர் ஒலி வெளியே போகும் வழியில் அந்த அதிர்வெண்ணை மட்டும் வடிகட்டிவிட்டார். பக்கத்து மேசையில் ஓடுகிற பாட்டு நம் கணினியைக் கொல்லும் என்று யாராவது கதை எழுதியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

படத்தின் மூலமாக ஃபோனில் இருப்பதைத் திருடவும் முடியும், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2021இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் என்கிற ஆய்வகம் ஒரு சவூதி ஆர்வலரின் ஐஃபோனில் சில கோப்புகளைக் கண்டுபிடித்தது. பேரில் ஜிஃப் படம், உள்ளே பிடிஎஃப். செய்தியாக வந்து சேர்ந்தாலே போதும், யாரும் தொடவே வேண்டாம், ஃபோன் தானாக அதைப் பிரித்துப் பார்க்கும்போதே வேலை முடிந்துவிடும். கூகுளின் ஆய்வாளர்கள் அதைக் கழற்றிப் பார்த்தபோது, பழைய ஃபேக்ஸ் காலத்துப் படச் சுருக்க முறை ஒன்றின் கட்டளைகள் 70,000க்கும் மேல் அடுக்கி, அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியைக் கட்டியிருந்தது தெரிந்தது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இதற்கு முன்னால் எந்தக் கோப்புப் பேயும் நிற்காது. ஆனால் இந்த வகை ஆயுதம் செய்ய ஏராளமான பணம் ஆகும், அரசாங்கங்கள் குறிப்பிட்ட ஆட்களைக் குறி வைத்து வாங்குவது. உட்லண்ட்ஸில் ஒரு பள்ளிப் பையனின் குழுவுக்கு அது வராது. ஃபோனின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்து வைப்பதே நமக்குப் போதுமான தற்காப்பு. ஆப்பிள் அந்த ஓட்டையை 2021 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது.

மாமியார் பக்கம் வருவோம். அவருக்கு வந்த செய்தியும் ஒரு சாபக் கோப்புக் கதைதான், பேய்க்குப் பதில் ஹேக்கர். சீனாவில் ஒரு செய்தி நிறுவனம் அவசர எச்சரிக்கை விட்டது, காலை வணக்கப் படங்களுக்குள் ரகசிய நிரல் இருக்கிறது, வங்கிக் கணக்கு போய்விடும், உடனே அழித்துவிட்டு எல்லோருக்கும் சொல் என்று அது பல மொழிகளில் சுற்றுகிறது. அதன் பாட்டன் 1994இல் பிறந்தது. 'குட் டைம்ஸ்' என்று தலைப்பு வைத்து வரும் மின்னஞ்சலைப் படித்தாலே ஹார்ட் டிஸ்க் அழியும், கணினியின் செயலி முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கை. அப்படி ஒரு மின்னஞ்சல் இருக்கவே இல்லை, எச்சரிக்கை மட்டும்தான் இருந்தது. 2002இல் இன்னும் மோசம். உங்கள் விண்டோஸில் கரடிப் பொம்மைச் சின்னத்தோடு ஒரு கோப்பு இருக்கும், அது 14 நாள் தூங்கும் வைரஸ், தேடி அழித்துவிடு என்று வந்தது. தேடினால் கரடி நிஜமாகவே இருந்தது! ஜாவா நிரலாளர்களுக்காக மைக்ரோசாஃப்ட்டே வைத்த கோப்பு அது. உலகம் முழுக்க ஜனங்கள் தங்கள் கையாலேயே அழித்தார்கள், அழித்துவிட்டு நல்ல மனதோடு நண்பர்களுக்கும் சொன்னார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2000 மே 4ஆம் தேதி, மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்று தலைப்புப் போட்ட ஒரு மின்னஞ்சல் கிளம்பியது. இணைப்பில் காதல் கடிதம். விண்டோஸ் கோப்புப் பேரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும் என்பதால் அது வெறும் எழுத்துக் கோப்பு மாதிரி தெரிந்தது, உண்மையில் ஒரு நிரல். திறந்தவர்களின் படங்களை அழித்து அந்த இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது, முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டது. ஒரே நாளில் உலகம் சுற்றியது. அதில் பயமுறுத்துகிற ஒரு சொல்கூட இல்லை.

என் வேலையில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இதுதான். கதைகளில் கெட்ட கோப்பு பார்க்கவே கோரமாக இருக்கும், திறக்காதே என்று அதுவே சொல்லும். நிஜத்தில் கெடுதல் செய்தவை காதல் கடிதம், ஏரி, நல்ல பாட்டு. சிங்கப்பூரில் 2023இல் அது மூன்கேக். ஃபேஸ்புக்கில் மலிவு விலை மூன்கேக், கடல் உணவு, வீடு சுத்தம் செய்யும் சேவை, டுரியான் சுற்றுலா என்று விளம்பரம் வரும், கேட்டால் வாட்ஸ்அப்பில் அன்பாகப் பேசுவார்கள், முன்பணம் கட்ட இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஓர் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு ஃபோனில் செயலியை நிறுவும் கோப்பை, அனுப்புவார்கள். போட்டுவிட்டு அது கேட்கிற அனுமதிகளை எல்லாம் கொடுத்தால், திரையையும் கடவுச்சொல்லையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் தூங்கும்போது வங்கிக் கணக்கு காலியாகும், சில நேரம் தடயம் தெரியாமல் இருக்க ஃபோனையே ரீசெட் செய்துவிடுவார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இப்படி 1,899 சம்பவங்கள் காவல்துறைக்குப் புகாராக வந்தன, குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி போனது. ஓய்வுக்காலச் சேமிப்பு போனவர்களும் அதில் உண்டு. 2024 பிப்ரவரியில் கூகுள், நம் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, வெளியிலிருந்து இறக்கும் செயலிகளில் இப்படி ஆபத்தான அனுமதி கேட்பவற்றைத் தானாகவே தடுக்கும் ஏற்பாட்டை உலகிலேயே முதலில் இங்கேதான் சோதித்தது. மாமியார் பயப்பட வேண்டும் என்றால் இதற்குப் பயப்படட்டும். காலை வணக்கப் படத்தில் இருக்கும் ரோஜாவை அவர் தாராளமாக எல்லோருக்கும் அனுப்பலாம், ஃபோனில் இடம் அடைக்கும் என்பதைத் தவிர வேறு கெடுதல் இல்லை.

இதற்கிடையில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: படத்தை மற்ற பெற்றோர்களுக்கு அனுப்பி "ஜாக்கிரதை" என்று சொல்வது. மோமோ விஷயத்தில் நடந்தது அதுதான். பிதுங்கிய கண்ணும் கோழிக் காலுமாக இருந்த அந்த உருவம் ஜப்பானில் திரைப்படத்துக்குப் பொம்மை செய்யும் ஒரு நிறுவனத்தின் சிற்பம், 2016இல் தோக்கியோவில் ஒரு காட்சிக்கூடத்தில் வைத்தது. 2018இல் அதன் படத்தை வைத்துக் கதை கிளம்பியது, அந்த வருஷமே ரப்பர் அழுகி சிற்பத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் பெற்றோர்களும் பள்ளிகளும் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பித்தபோதுதான் பல பிள்ளைகள் அந்த முகத்தையே முதல் தடவை பார்த்தார்கள். அதனால் எந்தப் பிள்ளைக்கும் தீங்கு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அங்குள்ள குழந்தைகள் நல அமைப்புகள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

நம் பள்ளிகளில் பேய்க்கதைக்குப் பஞ்சம் கிடையாது. மலாய்ப் பையன் பொந்தியானாக் கதை கொண்டு வருவான், சீனப் பையன் ஏழாம் மாதக் கதை கொண்டு வருவான், நம் பிள்ளை வீட்டில் கேட்ட மோகினிக் கதையைச் சொல்வான். அந்தக் கதைகளில் வீட்டுக்கு வீடு விதிகள் தெரியும், என்ன செய்தால் விலகும் என்று பாட்டி சொல்லிக் கொடுத்திருப்பார். இந்த நாய் எந்த வீட்டுப் பேயும் இல்லை. அதனால்தான் ஒரே நாளில் வகுப்பு முழுவதும் பிடித்தது, அதனால்தான் எந்த வீட்டிலும் பிள்ளைகளுக்கு மருந்து கிடைக்கவில்லை. அவனுக்கு ஒரு மருந்து கொடுங்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து காட்டுங்கள். புரியாத குறிகளாகக் கொட்டும். ஜேபிஜி படம் எதுவானாலும் அதே இரண்டு பைட்டுகளில் ஆரம்பிக்கும், அவன் பிறந்தநாள் படத்தையும் அதே மாதிரி திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். விண்டோஸ் நிரல் என்றால் ஆங்கில எம், இசட் இரண்டு எழுத்தில் ஆரம்பிக்கும், அது அந்தக் கோப்பு அமைப்பை வடிவமைத்த பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள். பேரில் படம் என்று இருந்து உள்ளே எம் இசட் என்று ஆரம்பித்தால் திறக்கக் கூடாது. இதைக் கற்றுக்கொண்ட பையன் வகுப்பில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பான்.

அப்புறமும் முகம் நினைவுக்கு வந்து பயந்தான் என்றால் கொஞ்ச நாளைக்கு விளக்கு எரியட்டும், அதில் தப்பே இல்லை. முகத்துக்குப் பயப்படுவது மூளையின் பழைய பழக்கம், அறிவுரையால் ஒரே இரவில் போகாது. படத்தை அவன் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள், யாருக்கும் அனுப்பாமல். பல நாளாகியும் தூக்கம் வராமலோ பள்ளிக்குப் போகவே பயந்தாலோ பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள்.

ஃபோன்களுக்கு இன்று செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மாமியாருடையது ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் 'தெரியாத செயலிகளை நிறுவுதல்' என்ற இடத்துக்குப் போய் வாட்ஸ்அப்புக்கும் உலாவிக்கும் அந்த அனுமதி அணைந்திருக்கிறதா பாருங்கள், செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா பாருங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். ஏதாவது ஏபிகே ஏற்கெனவே போட்டிருந்தால் உடனே ஏரோபிளேன் மோடில் வையுங்கள், வேறொரு ஃபோனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் செய்யுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக மட்டும் இருந்தால் 1799க்கு அடித்துக் கேட்கலாம், அது ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.